மண்ணில் சுட்ட வசனங்கள்

சுரங்கமும் கடலும் மாறி மாறி உயிர் கேட்ட ஊர் அது. அங்கே ஏழை வீட்டுச் சுவர்களில் இளஞ்சிவப்பாய் மினுங்கிய மண் பலகைகள் ஒரு தொழிலாளர் சமூகத்தின் அச்சத்தையும் துணிவையும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஏறக்குறைய எட்டு அங்குல அகலம், ஒன்பது அங்குல நீளம். தூரத்திலிருந்து பார்த்தால் சட்டம் போட்டு மாட்டிய படம் என்றுதான் தோன்றும். பக்கத்தில் போனால்தான் சட்டமும் படமும் ஒரே களிமண் என்பது தெரியும். வெளிவிளிம்பில் செம்பு நிறப் பளபளப்பு. அதற்குள் குமிழி குமிழியாகச் சிதறிய இளஞ்சிவப்பு. நடுவில் வெள்ளைப் பரப்பு, அதில் கறுப்பு மையில் அச்சிட்ட மலர் வளையம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அந்த மலர்களில் யாரோ அவசரமாகத் தூரிகையை ஒற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. வளையத்துக்குள் ஆங்கிலத்தில் நான்கே சொற்கள்: கடவுள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு மனித உயிர் சொல்லும் ஆதியாகம வசனம். மேலே கயிறு கோத்து ஆணியில் மாட்ட இரண்டு துளைகள். திருப்பிப் பார்த்தால் மண்ணிலேயே அழுத்திய நங்கூர முத்திரை, அதைச் சுற்றி 'டிக்சன், பிலிப்ஸ் அண்ட் கோ' என்ற பெயர்.

வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் 19-ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட பலகைகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. செய்யச் சொன்னது திருச்சபை இல்லை. செய்தவர்களும் பெயர்பெற்ற கலைஞர்கள் இல்லை. குவளையும் கூஜாவும் செய்த பட்டறைகள், சந்தையில் விலைபோகும் என்று கணக்குப் போட்டுச் செய்த சரக்கு இது. வாங்கியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், மாலுமிகள், கப்பல் தச்சர்கள், அவர்களுடைய மனைவிமார். ஆர்டர் கொடுத்த பிரபுவின் ரசனைக்கு இங்கே இடமில்லை. வாங்கியவரின் மனம்தான் இந்தப் பலகைகளில் பதிந்திருக்கிறது.

கப்பலின் அடித்தட்டில் வந்த மண்

சண்டர்லாந்து வியர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. 1796-இல் அந்த ஆற்றை ஒரே வளைவில் தாண்டும் வார்ப்பிரும்புப் பாலம் கட்டப்பட்டது. ஊரே பெருமைப்பட்ட பாலம். அதன் படம் அச்சிட்ட குவளைகளும் கூஜாக்களும் பல தலைமுறைக்கு விற்றன.

ஊரின் செல்வம் நிலக்கரி. அது கப்பலேறி லண்டனுக்குப் போகும். திரும்பும்போது வெறும் கப்பல் கடலில் தள்ளாடும் என்பதால் அடித்தட்டில் எடை ஏற்றியாக வேண்டும். அந்த எடையாகத்தான் தெற்கு இங்கிலாந்தின் வெள்ளைக் களிமண்ணும் சக்கிமுக்கிக் கல்லும் வந்து இறங்கின. உள்ளூர்ப் பழுப்பு மண்ணில் முரட்டுப் பாத்திரம்தான் செய்ய முடியும். வந்த மண் வெள்ளை மண், அதுவும் குறைந்த கூலியில். சூளை எரிக்க நிலக்கரி வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. செய்த சரக்கை ஏற்றிப்போகக் கப்பல் காத்திருக்கிறது. ஒரு மண்பாண்டத் தொழில் வளர இதற்கு மேல் என்ன வேண்டும்?

1762-இல் மேலிங் குடும்பம் நார்த் ஹில்டனில் பட்டறை போட்டது. பிறகு ஆற்றின் இரு கரையிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சூளைகள் எழுந்தன. டிக்சன் கம்பெனியின் கேரிசன் பட்டறை, சவுத்விக்கில் ஸ்காட் குடும்பம், லோ ஃபோர்டில் டாசன், சாமுவேல் மூரின் வியர் பட்டறை ஆகியவை அவற்றில் பேர்போனவை. வசனப் பலகைகள் அதிகம் வெளிவந்தது விக்டோரியா மகாராணி காலத்தின் முதல் பாதியில்.

இளஞ்சிவப்பின் ரகசியம் தங்கம்

பலகை செய்யும் வேலை பல கைகள் மாறும். பிளாஸ்டர் அச்சில் களிமண்ணை அழுத்தி எடுப்பவர் ஒருவர். காய்ந்ததும் அதைத் தனி மண்பெட்டிக்குள் வைத்துச் சூளையேற்றுபவர் இன்னொருவர். செப்புத் தகட்டில் செதுக்கிய எழுத்துகளில் மை தடவி மெல்லிய காகிதத்தில் அச்செடுத்து, அந்த ஈரக் காகிதத்தை மண்ணில் ஒட்டித் தேய்த்து உரிப்பது பெண்களின் வேலை. காகிதத்தை அளவாக வெட்டித் தருவது சிறுமிகள். பூவுக்கு வண்ணம் ஒற்றுவதும் சின்னக் கைகளே. முகம் தெரியாத அந்தக் கைகளின் அவசரம்தான் கோட்டைத் தாண்டிய பச்சையிலும் சிவப்பிலும் நமக்குத் தெரிகிறது.

கடைசியாக வருவது லஸ்டர் எனப்படும் மினுமினுப்பு. கண்ணாடிப் பூச்சு போட்டுச் சுட்ட பலகையின் ஓரங்களில், ராஜ திராவகத்தில் கரைத்த தங்கத்தை எண்ணெய்க் கலவையாக்கிப் பூசுவார்கள். ஈரம் காயுமுன் அதன்மேல் எண்ணெயைத் துளித்துளியாகத் தெளிப்பார்கள். பிறகு குறைந்த சூட்டில் மறுபடியும் சூளை. வெப்பத்தில் எண்ணெய்த் துளிகள் விரிந்து குமிழ்ந்து ஆவியாக, அவை இருந்த இடமெல்லாம் புள்ளியும் வளையமுமாகப் பதியும். அதனால் ஒரு பலகையைப் போல இன்னொரு பலகை இருக்காது. வெள்ளை மண்ணின்மேல் மிக மெல்லிய படலமாகப் படியும் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, இளஞ்சிவப்பாகத் தெரியும். பழுப்பு மண்ணின்மேல் அதே தங்கம் செம்பு நிறம் காட்டும்.

பொட்டுத் தங்கம் வாங்க வக்கில்லாத வீட்டின் சுவரில் உண்மையான தங்கம் தொங்கியது என்பது இந்தப் பலகைகளின் முதல் வேடிக்கை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பரவலாக விற்ற பலகைகளில் ஒன்று, பொன்னை இழப்பது பெரிய நஷ்டம், உடல்நலத்தை இழப்பது அதைவிடப் பெரிய நஷ்டம், கிறிஸ்துவை இழந்தாலோ ஈடே இல்லை என்று உபதேசிக்கும். அந்த உபதேசத்தைச் சுற்றி மினுங்குவதும் பொன்தான்!

படம் இறங்கிய சுவரில் எழுத்து ஏறியது

கத்தோலிக்க வீடு என்றால் சுரூபம் இருக்கும், மாதா படம் இருக்கும், மெழுகுவத்தி எரியும். சீர்திருத்தச் சபைகள் உருவங்களை ஒதுக்கின. உருவம் போன இடத்தில் ஏதாவது வேண்டுமே? வசனம் வந்தது. கடவுளின் முகத்தை மாட்டக் கூடாது, ஆனால் அவருடைய வார்த்தையை மாட்டலாம். அதைப் பூ வளையத்துக்குள் வைக்கலாம், பொன் பூசலாம்.

மண்ணில் வேதம் எழுதும் பழக்கம் சண்டர்லாந்தில் பிறந்ததில்லை. நெதர்லாந்தின் நீல வெள்ளை ஓடுகளில் விவிலியக் காட்சிகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளிலேயே வந்துவிட்டன. எந்த அதிகாரம், எந்த வசனம் என்று அடியில் குறித்த ஓடுகளும் உண்டு. கணப்படுப்பைச் சுற்றி அவற்றைப் பதிப்பார்கள். 1702-இல் பிறந்த புகழ்பெற்ற ஆங்கிலப் பாமாலை ஆசிரியர் பிலிப் டாட்ரிட்ஜ், எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே, தன் தாய் அப்படிப்பட்ட ஓடுகளைக் காட்டிச் சொல்லித்தந்த வேதக் கதைகளைக் கற்றவர். அடுப்பங்கரையே அவருக்கு முதல் ஞாயிறு பள்ளி.

சண்டர்லாந்துப் பலகைகளுக்குப் பின்னால் இருந்த பெருவிசை மெதடிசம். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, ஆலயத்துக்குள் வராத மக்களைத் தேடித் திறந்தவெளிக்கும் சுரங்க வாசலுக்கும் போனவர். 1742-இல் நியூகாசிலுக்கு வந்தபின் வடகிழக்கு அவருடைய கோட்டைகளில் ஒன்றானது. மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் இந்த இயக்கத்துக்கும் உள்ள உறவு நெருக்கமானது. பர்ஸ்லெமின் ஈனாக் வுட் என்ற இளம் குயவருக்கு வெஸ்லி 1781-இல் முன்னால் அமர்ந்து உருவம் வனைய இடம் கொடுத்தார். அவருடைய முகத்தை உள்ளபடி காட்டும் சிற்பங்களில் அந்த மார்பளவுச் சிலைக்குத் தனி மதிப்பு. 1807-இல் மௌ காப் குன்றின்மேல் நடந்த திறந்தவெளிக் கூட்டத்திலிருந்து கிளைத்த 'பிரிமிடிவ் மெதடிஸ்ட்' சபையைத் தொடங்கிய இருவரில் ஒருவரான வில்லியம் க்ளோஸ் குயவர் தொழில் செய்தவர். வசனம் சொன்னவர்களும் மண் பிசைந்தவர்களும் ஒரே தெருக்காரர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தச் சரக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் சந்தை பிடித்தது என்பது விளங்கும்.

பலகைகளில் வசனம் மட்டும் வரவில்லை. வெஸ்லியின் முகம் வந்தது. மெதடிஸ்ட் அறிஞர் ஆடம் கிளார்க்கின் முகமும் வந்தது. வேதாகமம் முழுமைக்கும் விளக்கவுரை எழுதிய கிளார்க்குக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1818-இல் இலங்கைத் தலைமை நீதிபதி சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுடன் இங்கிலாந்து போன இரண்டு பௌத்த பிக்குகள் கிளார்க்கின் வீட்டில் தங்கித்தான் படித்தார்கள். 1832-இல் கிளார்க் காலராவில் இறந்தார்.

மரணம் பக்கத்து வீட்டில் குடியிருந்தது

காலரா என்றதும் சண்டர்லாந்தின் பெயர் வரும். வங்காளத்தில் 1817-இல் பெருந்தொற்றாகக் கிளம்பிய நோய் கண்டங்களைக் கடந்து, பிரிட்டனில் கால் வைத்தது இந்தத் துறைமுகத்தில்தான். 1831 அக்டோபர் 26 அன்று நிலக்கரிப் படகுத் தொழிலாளி வில்லியம் ஸ்ப்ரோட் இறந்தார். ஊரில் 200-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டன் முழுவதும் 30,000-க்கும் அதிகமானோரைக் காலரா கொண்டுபோனது.

நோய் வந்து போகும். சுரங்கமும் கடலும் தினமும் உடன் இருந்தவை. 1862 ஜனவரி 16 அன்று நார்தம்பர்லாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் நீர் இறைக்கும் எந்திரத்தின் பெரும் இரும்பு உத்தரம் முறிந்து, ஒரே ஒரு வழியாக இருந்த குழிக்குள் விழுந்தது. உள்ளே இறங்கவும் வெளியே ஏறவும் வேறு வழி கிடையாது. 204 ஆண்களும் சிறுவர்களும் மடிந்தார்கள். பல நாள் கழித்து மீட்பாளர்கள் உள்ளே போனபோது, மேற்பார்வையாளர் ஒருவரின் குறிப்பேடு கிடைத்தது. விஷவாயுவில் மயங்கத் தொடங்கிய நிலையில் அவர்கள் ஜெபக்கூட்டம் நடத்தியதையும், அதில் பேசியவர்களின் பெயர்களையும் நேரம் குறித்து அதில் எழுதியிருந்தார். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வழி வேண்டும் என்று சட்டம் வந்தது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

இந்தப் பின்னணியில்தான் மிகப் பரவலாக விற்ற இன்னொரு பலகையைப் படிக்க வேண்டும். கடவுளை எதிர்கொள்ளத் தயாராகச் சொல்லும் ஆமோஸ் தீர்க்கதரிசியின் எச்சரிக்கை அது. நமக்கு அது மிரட்டலாகத் தோன்றலாம். காலையில் கணவனையும் பத்து வயது மகனையும் குழிக்கு அனுப்பிவிட்டு மாலைவரை காது கொடுத்துக் காத்திருக்கும் பெண்ணுக்கு அது அன்றாடச் செய்தி. மனிதன் செத்து ஒழிந்துபோவதைச் சொல்லும் யோபு வசனமும் பலகையாக வந்தது. அதையும் காசு கொடுத்து வாங்கி, பூ வளையத்தோடு மாட்டினார்கள்.

ஆகாரின் ஆறுதல், ஆமோஸின் கோபம்

முதலில் பார்த்த பலகையில் நான்கே சொற்கள். வேதத்தில் அந்த நான்கு சொல்லுக்கு முன்னும் பின்னும் ஓர் அதிகாரம் இருக்கிறது. அதைச் சேர்த்துப் படித்தால் பலகையின் பொருளே மாறிவிடுகிறது.

கடவுள் பார்க்கிறார் என்ற வசனத்தைச் சொன்னது யார்? ஆபிராம் வீட்டு எகிப்திய அடிமைப்பெண் ஆகார். வயிற்றில் பிள்ளையோடு, எஜமானி சாராயின் கொடுமை பொறுக்க முடியாமல் வனாந்தரத்துக்கு ஓடியவள். நீரூற்றுப் பக்கத்தில் தூதன் அவளைக் கண்டு பேசுகிறான். யார் கண்ணுக்கும் மனுஷியாகத் தெரியாத தன்னையும் ஒருவர் கண்டுகொண்டார் என்ற வியப்பில் அவள் கடவுளுக்கு ஒரு பெயர் சூட்டுகிறாள். ஆறுதலின் உச்சத்தில் பிறந்த வாக்கியம் அது. விக்டோரியா காலத்து வீட்டில் அதுவே பிள்ளைகளைக் கண்காணிக்கும் கண்ணாக மாறியது. திருட்டுத்தனமாகச் சர்க்கரையில் கைவைக்கும் பையன் சுவரைப் பார்த்துப் பயப்பட வேண்டும். அதே கதையில் தூதன் ஆகாரிடம் திரும்பிப் போய் எஜமானிக்கு அடங்கியிருக்கவும் சொல்கிறான். முதலாளிமார்களுக்கு இந்தப் பலகை பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஆமோஸ் கதை இன்னும் காரமானது. அவர் ஆடு மாடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். அவருடைய நான்காம் அதிகாரம், ஏழைகளை நசுக்கிவிட்டுக் குடித்துக் களித்த சமாரியாவின் செல்வர் வீட்டுச் சீமாட்டிகளைக் கடுமையாகச் சாடியபடிதான் தொடங்குகிறது. அந்தச் சாட்டையடிகளின் முடிவில் வருவதுதான் கடவுளைச் சந்திக்கத் தயாராகச் சொல்லும் எச்சரிக்கை. நியாயப்படி பார்த்தால் அந்தப் பலகை தொங்கியிருக்க வேண்டிய இடம் சுரங்க முதலாளியின் மாளிகைக் கூடம். அது தொங்கியதோ தொழிலாளி வீட்டு அடுப்பங்கரையில்.

மெதடிசம் தொழிலாளரை அடக்கிவைத்ததா, தட்டியெழுப்பியதா என்று வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் எலி அலேவி, இங்கிலாந்தில் புரட்சி வராமல் தடுத்தது மெதடிசம்தான் என்றார். 1963-இல் வெளிவந்த ஆங்கிலத் தொழிலாளி வர்க்க உருவாக்கம் பற்றிய தன் பெரிய நூலில் ஈ. பி. தாம்ப்சன், அந்த மதம் தொழிற்சாலைக்கு ஏற்ற பணிவான ஆட்களை உருவாக்கிக் கொடுத்தது என்று கடுமையாக எழுதினார்.

சண்டர்லாந்துக்குச் சில மைல் தள்ளி இருக்கும் ஹெட்டன் ஊர் வேறு கதை சொல்கிறது. அங்கே சுரங்கத்தில் வேலை செய்த தாமஸ் ஹெப்பர்ன், பிரிமிடிவ் மெதடிஸ்ட் சபையின் பிரசங்கியார். 1831-இல் வடபகுதிச் சுரங்கத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தினார். சிறுவர்களின் வேலை நேரம் ஒரு நாளுக்கு 12 மணியாகக் குறைந்தது. அதுவே அன்றைக்குப் பெரிய வெற்றி! மறு ஆண்டு முதலாளிகள் திருப்பியடித்தார்கள், சங்கம் உடைந்தது. எந்தச் சுரங்கத்திலும் வேலை கிடைக்காத ஹெப்பர்ன் தேயிலை விற்றுப் பிழைத்தார். கூட்டத்தில் எழுந்து பேசவும், கணக்கு எழுதவும், பத்துப் பேரை ஒன்றுசேர்க்கவும் அவரைப் போன்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஜெப வீடுதான். ஆமோஸின் ஒரு வரியைச் சுவரில் பார்த்தவர்களில் சிலர் அதிகாரம் முழுவதையும் படித்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரே சூளை, இரண்டு சரக்கு

வசனம் அச்சிட்ட பட்டறைகளை பக்தி மடங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அதே இளஞ்சிவப்புப் பூச்சோடு அவை தவளைக் குவளையும் செய்தன. உள்ளே மண் தவளை ஒன்று ஒட்டியிருக்கும்; பீர் குறையக் குறைய அது தலை தூக்கும்; குடிக்கிறவர் திடுக்கிடுவார், கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். கல்யாணப் பரிசாகக் கொடுக்கும் சிறுநீர்ப் பாத்திரங்களில் கொச்சைக் கிண்டல் வரிகள் அச்சாயின. மாலுமி காதலியிடம் விடைபெறும் படம், பாய்விரித்த கப்பல், கிரிமியப் போர் என்று எது விற்குமோ அது அச்சாகும். பலகையின் சட்டம் ஒன்றே. நடுவில் கப்பல் வைத்தால் கப்பல் பலகை, வசனம் வைத்தால் வசனப் பலகை.

ஒரு பட்டறை மூடினால் அதன் செப்புத் தகடுகளும் அச்சுகளும் அடுத்த பட்டறைக்கு விலைபோகும். கேரிசன் பட்டறை 1865-இல் முடிவுக்கு வந்தது. டெப்ட்ஃபோர்டில் வில்லியம் பால் நடத்திய பட்டறை அந்தப் பாணியைத் தொடர்ந்தது. ஸ்காட் குடும்பத்தின் சவுத்விக் பட்டறை 1896 வரை தாக்குப்பிடித்தது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் பெரிய ஆலைகள் மலிவுச் சரக்கைக் கொட்டிக் குவித்தன; ரயில் அதை எல்லா ஊருக்கும் கொண்டுபோனது. வண்ணத்தில் அச்சிட்ட அட்டை வசனங்கள் இன்னும் மலிவாகக் கிடைத்தன. மண் பலகை மெல்ல மெல்ல ஆணியிலிருந்து இறங்கியது.

பக்தியும் வியாபாரமும் ஒரே சூளையில் வெந்தன என்பதால் பக்தி பொய்யாகிவிடாது. விற்றவனுக்கு அது சரக்கு. ஹார்ட்லி போன்ற ஊரில் அதை மாட்டிய விதவைக்கு அது சரக்கில்லை.

வசனம் போய்ப் பொன்மொழி வந்தது

நாட்டின் தென்மேற்கு மூலையில் டெவன் மாவட்டத்தில் இந்தக் கதைக்கு ஒரு பின்னுரை எழுதப்பட்டது. டார்க்கி கடற்கரையை ஒட்டிய வாட்கோம்பில் 1860-களில் நல்ல சிவப்புக் களிமண் கண்டுபிடிக்கப்பட்டு, சுடுமண் கலைப்பொருள் தொழில் தொடங்கியது. நியூட்டன் அபாட் பக்கம் ஜான் ஃபிலிப்ஸ் நடத்திய ஆலர் வேல் பட்டறை 1881-க்குப் பின் கலைப் பாண்டங்களுக்குத் திரும்பியது. கிராமத்துப் பையன்கள் வகுப்பில் வரையவும் வனையவும் பழகி அங்கே வேலைக்கு வந்தார்கள்.

இங்கே எழுத்து அச்சிடப்படவில்லை, கீறப்பட்டது. சிவப்பு மண் பாண்டத்தை வெண்ணெய் நிறக் களிக் கரைசலில் முக்குவார்கள். அது இறுகும்போது கூரிய முனையால் எழுத்து எழுத்தாகக் கீறுவார்கள். கீறிய இடத்தில் அடியிலிருக்கும் சிவப்பு எட்டிப்பார்க்கும். ஒவ்வொரு துண்டிலும் எழுதியவரின் கையெழுத்து, சாய்வு, அவசரம் எல்லாம் அப்படியே நிற்கும். கைவினை என்ற முறையில் சண்டர்லாந்தைவிட டெவன் ஒரு படி மேல்.

வாசகம்தான் மாறிப்போனது. விருந்தாளியைக் கூச்சப்படாமல் எடுத்துச் சாப்பிடச் சொல்வது, நேற்றைய கவலையை இன்று சுமக்காதே என்பது, டெவன் பேச்சுவழக்கில் ஒரு கிண்டல் என்று கோடை விடுமுறைக்கு ரயிலேறி வந்தவர்கள் வாங்கிப்போன நினைவுப் பொருள்கள் இவை. 1901-இல் வாட்கோம்பும் ஆலர் வேலும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ராயல் வாட்கோம்ப் 1962-இல் மூடப்பட்டது. சாவை நினைவூட்டிய சுவர்ப்பலகையிலிருந்து ஜாம் பரிமாறும் கிண்ணம் வரை வந்த இந்தப் பயணத்தில், ஒரு சமூகத்தின் பயம் குறைந்ததும் தெரிகிறது, வேகம் குறைந்ததும் தெரிகிறது.

பெட்டிச் செய்தி: அசலா, நகலா?

பழம்பொருள் கடைகளில் சண்டர்லாந்துப் பலகைகளுக்கு இன்றும் கிராக்கி உண்டு. வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில.

பலகையின் பின்புறம் மண்ணில் அழுத்திய பட்டறை முத்திரை இருந்தால் நல்லது. முத்திரையே இல்லாத அசல்களும் நிறைய உண்டு. ஒரு முத்திரையை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

தகடுகள் கைமாறியதால் ஒரே வாசகம், ஒரே மலர் வளையம் வெவ்வேறு பட்டறைகளிலும் வந்திருக்கும். சட்டத்தின் வடிவத்தையும் பூச்சின் நிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

20-ஆம் நூற்றாண்டில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டின் ஏ. இ. கிரே கம்பெனி இதே குமிழி இளஞ்சிவப்பில் பொருள்கள் செய்தது. 1960-இல் சூசன் வில்லியம்ஸ்-எல்லிஸ் தம்பதி அந்தக் கம்பெனியை வாங்கினார்கள். போர்ட்மெய்ரியன் பாட்டரி அதிலிருந்து வளர்ந்தது. இவை நல்ல பொருள்கள்தான், ஆனால் விக்டோரியா காலத்தவை இல்லை.

நேரில் பார்க்க விரும்புவோர் சண்டர்லாந்து அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1846-இல் நகராட்சிப் பணத்தில் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் உள்ளூர் மண்பாண்டங்களின் பெரும் தொகுப்பு இருக்கிறது.

நம் வீட்டுச் சுவரில்

சண்டர்லாந்தில் இந்தப் பலகைகள் விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே மெதடிஸ்ட் இயக்கம் தமிழ் மண்ணுக்கும் வந்து சேர்ந்திருந்தது. தாமஸ் கோக் தலைமையில் இலங்கைக்குப் புறப்பட்ட வெஸ்லியன் மிஷனரிகள் குழு, அவர் வழியில் கப்பலிலேயே இறந்துபோக, 1814 ஜூன் மாதம் காலியில் கரையிறங்கியது. யாழ்ப்பாணத்துக்குப் போன ஜேம்ஸ் லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர் என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறு படித்தவர்கள் அறிவார்கள்.

அந்த இயக்கத்தின் வழித்தோன்றல் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. டிசம்பர் 31 இரவு நம் சபைகளில் நடக்கும் ஆராதனைக்கு, கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளர்களோடு வெஸ்லி 1740-களில் வழக்கமாக்கிய விழிப்பிரவு ஒரு முன்னோடி. அந்த இரவில் கையில் வாங்கும் வாக்குத்தத்த அட்டை மறுநாள் காலை சுவருக்கோ பீரோ கண்ணாடிக்கோ போய்விடுகிறது. வாசலில் 'இயேசு ஜீவிக்கிறார்' போர்டு, கூடத்தில் மரச் சட்டத்தில் ஒரு சங்கீத வசனம், இப்போது சுடுமண்ணிலும் பீங்கானிலும் கைவேலைப்பாட்டோடு வரும் வசனப் பலகைகள். கிறிஸ்துவ வீடு மட்டும்தானா? குறள் எழுதிய பலகை, திருமந்திர வரி, கலிமா எழுதிய சட்டம் என எல்லா மதத்து வீட்டுச் சுவருக்கும் இந்த ஆசை உண்டு.

சுவரில் ஏறும் வாசகம் எப்போதும் துண்டு வாசகம்தான். ஆறுதலை எடுத்துக்கொண்டு அறச்சீற்றத்தை விட்டுவிடுவது சுலபம். வாக்குத்தத்தத்தை வெட்டி எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருக்கும் கட்டளையைப் புத்தகத்திலேயே விட்டுவிடுவது இன்னும் சுலபம். சண்டர்லாந்து அனுபவம் சொல்வது இதுதான்: நான்கு சொல்லோடு நின்றவர்களைப் பலகை அடங்கி இருக்கப் பழக்கியது; அதிகாரம் முழுவதையும் தேடிப் படித்தவர்களைச் சங்கம் கட்ட வைத்தது.

உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு வசனம் தொங்கினால், இந்த வாரம் ஒரு நாள் புத்தகத்தை எடுத்து அந்த வசனம் இருக்கும் அதிகாரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். யார் சொன்னது, யாரைப் பார்த்துச் சொன்னது என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அதன் பிறகும் அந்த வசனம் சுவரில் இருக்கத் தகுந்தது என்று தோன்றினால், அடுத்த முறை அதைப் பிளாஸ்டிக்கில் வாங்காமல் ஒரு குயவரிடம் சொல்லி மண்ணில் செய்து வாங்குங்கள்.